லாரி யங்கின் இடது கை

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் அறைச் சாவி என் வீட்டில்தான் இருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி வீட்டு அக்கா அதை வாங்க வந்தார். அக்கா வீணை வாசிப்பவர், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். கூடத்தில் லாரி யங்கின் ‘யூனிட்டி’ என்ற ஜாஸ் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைக் கையில் வாங்கியவர் படியேறவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, அடியில விடாம நடந்துக்கிட்டே இருக்கே ஒரு கனமான நாதம், அதை யாரு வாசிக்கிறா?”

“அதுக்குன்னு தனியா ஆள் கிடையாதுக்கா. ஆர்கன் வாசிக்கிறாரே, அவரோட இடது கை.”

“அப்ப மேல கேக்கறது?”

“அவரோடதே. வலது கை.”

அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல்லேருந்து போடு” என்றார்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ஐந்தாறு வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. அக்கா கேட்ட கேள்வியில் அது கிடைத்துவிட்டது.

1965 நவம்பர் 10. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊர். அங்கே ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் நான்கு பேர் கூடினார்கள். ஆர்கனில் லாரி யங், வயது 25. டிரம்பெட்டில் வுடி ஷா, 20 முடிந்து இன்னும் 21 ஆகவில்லை. டெனர் சாக்ஸஃபோனில் ஜோ ஹெண்டர்சன், 28. டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ், 38. ஒரே நாளில் ஆறு உருப்படிகளைப் பதிவுசெய்து முடித்தார்கள். மொத்தம் நாற்பது நிமிட இசை. அடுத்த வருடம் ப்ளூ நோட் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

பெயர்ப் பட்டியலைக் கவனியுங்கள், பேஸ் வாசிப்பவர் இல்லை. வழக்கமான ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் என்ற ஆளுயர வாத்தியம்தான் அடித்தளம். ஆர்கன் குழுவில் அந்த வேலையை ஆர்கன்காரர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இடது கை கீழ் ஸ்தாயியில் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும். இடது கால் கீழே உள்ள மிதிகட்டைகளைத் தொட்டுத் தொட்டு அந்த நடைக்கு அழுத்தம் கொடுக்கும். வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடலில் இருக்கும். இவ்வளவும் நடக்கும்போதே வலது கை மனோதர்மத்தில் எங்கெங்கோ போய்வர வேண்டும்.

இந்த ஆல்பத்தின் அழகு முழுக்க அந்த வாத்தியத்தின் ஒரு குணத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதனால் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லாரன்ஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்சாரக் கடிகாரங்கள் செய்துகொண்டிருந்தவர். ஒரே சீராகச் சுற்றும் மோட்டார் அவருக்குக் கைவந்த கலை. அந்த மோட்டாரை வைத்தே 1930களின் நடுவில் ஓர் ஆர்கனைச் செய்தார். பெட்டிக்குள் 91 உலோகச் சக்கரங்கள். விளிம்பில் பல் வெட்டிய சக்கரங்கள், உள்ளங்கையில் அடங்கும். ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் எதிரே சுழலும். சுழலும் வேகத்துக்கும் பற்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஒரு ஸ்வரம் மின்னலையாகப் பிறக்கும். கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரத்துக்கு வழி திறக்கிறது, அவ்வளவுதான். பி-3 மாடலில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. முதல் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே சக்கரங்கள் வேகம் எடுக்கும். அதன் பிறகே இரண்டாவது. சர்ச்சுகளில் விலையுயர்ந்த குழாய் ஆர்கனுக்குப் பதிலாக விற்கத்தான் ஹாமண்ட் இதைக் கொண்டுவந்தார். கறுப்பின மக்களின் சர்ச்சுகள் வழியே அது அவர்களுடைய இசைக்குள்ளும் வந்து சேர்ந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஒரே அளவுதான். பியானோவில் விரலின் கனம் ஒலியின் கனமாகும், இங்கே ஆகாது. இரண்டு, கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒலி தேயவே தேயாது. பியானோ ஸ்வரம் பிறந்த நொடியிலிருந்தே மங்கத் தொடங்குகிறது. வீணையும் அப்படித்தான். ஆர்கன் நம் சுருதிப் பெட்டி மாதிரி, நீங்கள் நிறுத்தினால்தான் நிற்கும். ஆகவே இந்த வாத்தியத்தில் பாவம் கொண்டுவர ஒருவருக்கு வாய்த்த பெரிய கருவி, விரலை எப்போது எடுப்பது என்பதுதான். அழுத்துவது யாராலும் முடியும். எடுப்பதில்தான் ஆள் தெரிகிறார்.

என் வீட்டில் இருக்கும் சின்ன கீபோர்டில் ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இடது கையை மட்டும் சாதகம் செய்து பார்த்தேன். ஒரு ப்ளூஸ், பன்னிரண்டு அளவு, நிதானமான காலப்பிரமாணம். ஸ்வரங்கள் மூன்று நாளில் கைக்கு வந்துவிட்டன. நடை மட்டும் வரவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகக் கேட்டது. ஒவ்வொரு விரலையும் அடுத்த அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் தூக்கிப் பார்த்தபோதுதான் சட்டென்று கால் முளைத்தது. ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறதே, நடையே அதற்குள்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ‘யூனிட்டி’யைக் கேட்டபோது எனக்கு அது வேறு ஆல்பமாகக் கேட்டது.

ஜாஸ் ஆர்கன் என்றாலே எல்லோர் நினைவுக்கும் முதலில் வருபவர் ஜிம்மி ஸ்மித். 1956இல் ப்ளூ நோட்டில் அவர் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்து அமெரிக்கா முழுக்க ஆர்கன் குழுக்கள் முளைத்தன. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ், விருப்பப்பட்டால் ஒரு டெனர். ப்ளூஸ் மணம், சர்ச் மணம், ஆளைத் தூக்கி நிறுத்தும் உற்சாகம். எனக்கும் ஸ்மித்தை மிகவும் பிடிக்கும். லாரி யங்கும் அந்த வழியில் வந்தவர்தான். நியூ ஜெர்சியின் நெவார்க் நகரத்துப் பிள்ளை, அப்பாவும் ஆர்கன் வாசித்தவர். பத்தொன்பது வயதில் பிரெஸ்டிஜ் நிறுவனத்துக்காகச் செய்த முதல் பதிவுகளில் ஸ்மித்தின் நிழல் நன்றாகத் தெரியும்.

பிறகு அவர் காதில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் விழுந்தார். கோல்ட்ரேனின் குழுவில் பியானோ வாசித்த மக்காய் டைனர் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, அடுக்கும் விதமே வேறு. பொதுவாக மேற்கத்திய கார்டு என்றால் ச-க-ப என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்குவார்கள். அதைக் கேட்டதும் இது சந்தோஷம், இது சோகம் என்று காது முடிவுகட்டிவிடும். டைனர் ச, சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம் என்று நாலு நாலாகத் தாவி அடுக்குவார். அதில் கதவு சாத்தப்படுவதே இல்லை. மேலே வாசிப்பவர் எந்தப் பக்கமும் போகலாம். இந்த அடுக்கை ஆர்கனுக்குக் கொண்டுவந்ததில் லாரி யங்கின் பங்கு பெரிது. ஆர்கனின் கோல்ட்ரேன் என்று அவருக்குப் பட்டமே உண்டு. ஆனால் ஆர்கனில் இதைச் செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தேயாத ஒலியில் இத்தனை ஸ்வரங்களை அடுக்கிப் பிடித்தால் அறையே நிரம்பிவிடும், மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. யங் அடுக்குவார், உடனே எடுத்துவிடுவார். அவரது துணை வாசிப்பு முழுக்கத் திறந்து மூடும் ஜன்னல்கள்தான்.

‘யூனிட்டி’யில் கிட்டார் கிடையாது. ஆர்கன் குழுவுக்கு இது அப்போது வழக்கத்தை மீறிய ஏற்பாடு. டிரம்பெட்டும் டெனரும் முன்னால் நிற்க, பியானோ ஐவர் குழுவின் உருவம்தான், பியானோவும் பேஸும் ஒரே ஆளிடம். அந்த நால்வர் சேர்ந்ததும் தற்செயல் இல்லை. வுடி ஷாவும் நெவார்க்கில் வளர்ந்தவர். 1964இல் பாரிசுக்கு வரும்படி சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபி அவரை அழைத்திருந்தார். ஷா கிளம்பும் முன்பே டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். ஷா ஆனாலும் போனார். அங்கே வேலை கிடைத்ததும் ஊரிலிருந்து லாரி யங்கையும் டிரம்ஸ் வாசிக்கும் பில்லி புரூக்ஸையும் வரவழைத்தார். பாரிசில் அவர்கள் வானொலிக்காக வாசித்த பதிவுகள் ஐம்பது வருடம் கிடப்பில் கிடந்து 2016இல் வெளிவந்தன. கிடைத்தால் கேளுங்கள், ‘யூனிட்டி’க்கு ஒத்திகை மாதிரியே இருக்கும். ஷாவும் ஹெண்டர்சனும் ஹோரஸ் சில்வரின் ‘கேப் வெர்டியன் ப்ளூஸ்’ ஆல்பத்துக்காக 1965 அக்டோபரில்தான் சேர்ந்து வாசித்து முடித்திருந்தார்கள். எல்வின் ஜோன்ஸ் கோல்ட்ரேன் குழுவின் டிரம்மர். யங்கோடு அதற்கு முந்தைய நவம்பரில் ‘இன்ட்டு சம்திங்’ ஆல்பத்தில் வாசித்திருந்தார்.

இன்னொரு விஷயம், இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஆறு உருப்படிகளில் ஒன்றுகூட லாரி யங் இயற்றியது கிடையாது. மூன்று வுடி ஷாவுடையவை. ஒன்று ஹெண்டர்சனுடையது. ஒன்று தெலோனியஸ் மங்க் இயற்றியது. இன்னொன்று 1928ஆம் வருடத்து இசை நாடகப் பாட்டு. தன் பெயர் பொறித்த ஆல்பத்தில், இருபது வயதுப் பையனுக்குப் பாதி இடத்தைக் கொடுத்திருக்கிறார். கட்டையிலிருந்து விரலை எடுக்கிற அதே மனசுதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டையும் இதையே சொல்கிறது. தலைப்பின் முதல் ஆங்கில எழுத்தான ‘யூ’வின் குழிக்குள் நான்கு வட்டங்கள். நாலும் ஒரே அளவு.

முதல் உருப்படி ‘சோல்டான்’. ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்டான் கொடாயைப் போற்றி ஷா வைத்த பெயர். அவருடைய ‘ஹாரி யானோஷ்’ தொகுப்பில் வரும் அணிவகுப்பு மெட்டோடு தொடங்குகிறது. எல்வினின் கையில் பட்டாளத்து மேளம்போல ஒரு நடை, அதன்மேல் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் விறைப்பாக நடந்துவரும். பிறகு அந்த விறைப்பு அப்படியே கழன்று ஜாஸ் நடைக்குள் சரியும். அந்தச் சரிவில் இடது கை உள்ளே வரும் இடத்தைக் கவனியுங்கள். தரை திடீரென்று காலடிக்கு வந்து சேர்ந்தாற்போல இருக்கும்.

இரண்டாவதுதான் நான் இந்தப் பதிவையே எழுதக் காரணம். ‘மங்க்ஸ் ட்ரீம்’. இதில் டிரம்பெட் இல்லை, சாக்ஸஃபோன் இல்லை. ஆர்கனும் டிரம்ஸும் மட்டும், ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

மங்க் பியானோக்காரர். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது மங்கி மறைவதைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் அடுத்ததைத் தட்டுவார். அவருடைய மெட்டுகளில் மௌனத்துக்குத் தனி ஸ்வரஸ்தானமே உண்டு. தேயும் ஒலிக்காகப் பிறந்த அந்த மெட்டைத் தேயாத ஒலியில் எப்படி வாசிப்பது? கட்டையைப் பிடித்துக்கொண்டால் மங்கே காணாமல் போய்விடுவார். யங் செய்வது இதுதான்: மெட்டின் கோணல்களை வெட்டி வெட்டி வைக்கிறார். ஒவ்வொரு சொல்லும் கத்தியால் நறுக்கினாற்போல முடிகிறது. ஹாமண்டில் கட்டை தொடும் கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஹாமண்ட் அதைக் குறை என்று நினைத்துப் போக்கப் பார்த்தார், ஜாஸ்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். இங்கே அந்த ‘டிக்’தான் ஸ்வரத்துக்கு முனை கொடுக்கிறது. முடிவை விரல் கொடுக்கிறது. நடுவில் விட்ட இடத்தில் எல்வின் வருகிறார்.

எல்வின் வாசிப்பதைக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கணக்கு முழுக்க உள்ளே இருக்கும். இடது கை ஸ்னேரிலும் வலது கை சிம்பலிலும் மூன்றும் நான்குமாகப் பின்னிக்கொண்டே போகும். அடி எங்கே என்று தேடுகிறோம் என்று நினைக்கும்போது சரியாக அங்கே வந்து நிற்பார். டபுள் பேஸ் இருந்திருந்தால் அதன் தந்தி அதிர்வும் டிரம்ஸின் கீழ்க்குரலும் ஒரே இடத்தில் முட்டும். இங்கே பேஸ் வாசிக்கும் கையும் மெட்டு வாசிக்கும் கையும் ஒரே ஆளுடையவை. எல்வின் கேட்க வேண்டியது ஒரு மனதை மட்டும். அதனால்தான் இத்தனை பெரிய டிரம்மர் இவ்வளவு நெருக்கமாக, எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல வாசிக்கிறார் என்று தோன்றுகிறது. யங் ஒரு சின்னச் சொற்கட்டைப் பிடித்து, அதையே திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்வரம் நகர்த்தி வளர்ப்பார். எல்வின் இரண்டாம் திருப்பத்திலேயே அதைக் கண்டுகொள்வார்.

‘இஃப்’ ஹெண்டர்சனுடைய ப்ளூஸ். இறுக்கமான உருப்படி, அதிகம் சொல்ல எனக்கு இல்லை. தட்டின் இரண்டாம் பக்கம் ‘தி மூன்ட்ரேன்’ என்ற உருப்படியோடு தொடங்கும். கோல்ட்ரேனை மனதில் வைத்து ஷா பதினெட்டு வயதில் இயற்றியது. இன்றைக்கும் ஜாஸ் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மெட்டு. டிரம்பெட்டும் டெனரும் தோளோடு தோள் நின்று அதைச் சொல்லும்போது அடியில் யங்கின் கார்டுகள் நகர்வதை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பதினெட்டு வயதில் ஒருவருக்கு இப்படி ஒரு மெட்டு தோன்றியிருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

‘சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்’ தான் அந்த 1928ஆம் வருடத்துப் பாட்டு. எல்வினுக்கு இது பழகிய நிலம். 1957இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் சானி ராலின்ஸோடு இதை வாசித்திருக்கிறார், 1961இல் அதே அரங்கில் கோல்ட்ரேனோடும். இந்த மூன்றையும் அடுத்தடுத்து ஓட விட்டுக் கேட்டால் ஒரே பாட்டில் ஒரு கலைஞர் எட்டு வருடம் எப்படி விரிந்தார் என்பது தெரியும். ஒரு மாலை முழுக்க நான் அதைத்தான் செய்தேன். கடைசி உருப்படி ‘பியாண்ட் ஆல் லிமிட்ஸ்’ ஷாவுடையது, ஒரே ஓட்டம்.

அந்த அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வான் கெல்டர் கண்பார்வை பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே பெற்றோர் வீட்டுக் கூடத்தில் பதிவுசெய்து வந்தவர். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் இந்த ஸ்டுடியோவைக் கட்டினார். கோயில் மண்டபம்போல உயர்ந்து குவியும் மர விதானம், உச்சியில் ஏறக்குறைய 39 அடி. கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவானதும் இதே கூரையின் கீழ்தான், 1964 டிசம்பரில். அதிலும் எல்வின்தான். ப்ளூ நோட்டின் ஆல்ஃபிரட் லயன் பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் காசு கொடுப்பவர். ஒரே நாளில் இவ்வளவு கடினமான மெட்டுகள் இப்படிச் சுத்தமாக வந்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு லாரி யங் வேறு திசைகளுக்குப் போனார். 1969இல் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’வில் மின்பியானோ. அதே வருடம் டிரம்மர் டோனி வில்லியம்ஸோடும் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லினோடும் ‘லைஃப்டைம்’ குழு. காது கிழியும் சத்தம், ஆனாலும் உள்ளே அதே ஜன்னல்கள். அந்த மெக்லாஃப்லின்தான் சில வருடங்களில் ‘சக்தி’ குழுவைத் தொடங்கி, நம் விக்கு விநாயக்ராமின் கடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லாரி யங் 1978இல் இறந்தார், 37 வயதில். அந்த வயதில் ஒருவரை இழந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அன்றைக்கு அக்கா முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டுத்தான் மோட்டார் போடப் போனார். அடுத்த ஞாயிறு சாவி வாங்க வந்தவர், “அந்த ரெண்டாவதை மட்டும் போடு தம்பி, எண்ணிப் பாக்கணும்” என்றார். உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். மங்கின் மெட்டு முப்பத்திரண்டு அளவு, அளவுக்கு நாலு அடி. நம் கணக்கில் ஒரு சுற்றுக்குப் பதினாறு ஆவர்த்தனம். மெட்டு முடிந்து மனோதர்மம் தொடங்கியது. யங் விட்டு விட்டு வாசிக்கிறார், எல்வின் அந்த இடங்களில் மூன்றும் நான்கும் பின்னுகிறார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார், விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து, பதினொன்று. நடுவில் ஓர் இடத்தில் கை தயங்கியது. தலையை லேசாகச் சாய்த்து அடியில் நடக்கும் இடது கையைக் காதால் தேடிப் பிடித்துக்கொண்டார். பதினாறாவது முடிந்து புதுச் சுற்று சமத்தில் விழுந்தபோது அக்காவின் உள்ளங்கையும் சரியாக அங்கே இறங்கியது.